வெள்ளாவி முதல் கினிப்பன்றிக் கூண்டு வரை: பொருநைக் கரையில் படர்தாமரையின் வரலாறு

படர்தாமரை பூஞ்சையால் வரும் தோல்நோய். மேல்தோலிலும் முடியிலும் நகத்திலும் உள்ள கெரட்டின் என்னும் புரதத்தைத் தின்று வாழும் சில பூஞ்சைகள் அதை உண்டாக்குகின்றன. அவை உயிருள்ள சதைக்குள் இறங்குவதில்லை. இறந்த செல்கள் அடுக்கிக் கிடக்கும் மேலடுக்கிலேயே வட்டமாகப் பரவுகின்றன. நடுப்பகுதி ஆறிக்கொண்டு வரும்போதே விளிம்பு சிவந்து தடித்து அரிக்கும். ஆளைக் கொல்லாத நோய் என்பதால் காலராவுக்கும் அம்மைக்கும் வரலாற்று நூல்களில் கிடைத்த இடம் இதற்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு வீட்டுக்குள் புகுந்துவிட்டால் எளிதில் வெளியேறாது. படையிலிருந்து உதிரும் செதிலிலும் ஒடிந்த முடியிலும் வித்துகள் மாதக்கணக்கில், சில இனங்களில் ஓராண்டுக்கும் மேலாக, உயிரோடு கிடக்கும். பூசும் மருந்து தோலை ஆற்றும். துணியிலும் பாயிலும் கூண்டிலும் கிடப்பதைத் தொடாது. திருநெல்வேலிச் சீமையில் இந்த நோயைச் சமாளித்த வழிகளைப் பார்த்தால், தோலை ஆற்றும் வேலை பெரும்பாலும் இலைக்கும் எண்ணெய்க்கும் களிம்புக்கும் போயிற்று. உதிர்ந்ததை ஒழிக்கும் வேலையை, அப்படி ஒரு வேலை நடப்பதே தெரியாமல், வேறு சிலர் செய்துவந்தார்கள்.

பூஞ்சைகளில் சில மனிதரிடமே வாழப் பழகியவை, சில மண்ணுக்குரியவை, சில விலங்குகளுக்குரியவை. கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றிச் சாம்பல் பூத்தாற்போல் தடிப்பது ஒன்று; பூனையும் நாயும் சுமப்பது இன்னொன்று. எலி, முயல், கினிப்பன்றி ஆகியவற்றிடம் பெரும்பாலும் காணப்படுவது டிரைக்கோஃபைட்டான் மென்டாகிரோஃபைட்டிஸ் கூட்டத்தைச் சேர்ந்தது. விலங்குக்குரிய பூஞ்சை மனிதத் தோலில் ஏறினால் உடல் கடுமையாக எதிர்க்கும். படை வீங்கும், சில வேளை சீழும் பிடிக்கும், ஆனால் பெரும்பாலும் சீக்கிரம் ஆறிவிடும். மனிதருக்கே பழகியதோ மெல்ல அரித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் உடன் இருக்கும்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் பொருநை என்னும் தாமிரபரணி ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடுகிறது. கோடைமேலழகியான் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைக் கால்வாய்களில் பிரித்து அனுப்புகின்றன. கார், பிசானம் என இரண்டு போகம் விளையும் வயல்களில் நாற்று நடுவோருக்கும் களை பறிப்போருக்கும் ஆண்டில் பல மாதங்கள் சேற்றில்தான் கால். விரலிடுக்கு வெந்து வெளுத்து வெடிக்கும் சேற்றுப்புண் நன்செய் ஊர்களின் வழக்கமான உபாதை. எல்லாச் சேற்றுப்புண்ணும் படர்தாமரைப் பூஞ்சையால் வருவதில்லை. ஈஸ்டும் பாக்டீரியாவும் சேர்ந்து வேலை செய்யும் இடம் அது. இடுப்பில் வருவது பெரும்பாலும் உண்மையான படை. நனைந்த வேட்டி, இறுகக் கட்டிய சேலை, அவற்றுக்கடியில் ஒருபோதும் காயாத அரைஞாண் கயிறு ஆகியவை ஈரத்தைத் தோலோடு பிடித்துவைக்கின்றன. படையோடு வருகிறவரிடம் அந்தக் கயிற்றை அறுத்துப் போடும்படி தோல் மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள். அதைக் கேட்டுத் தயங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

வைத்தியம் கைக்கெட்டிய செடியிலிருந்து தொடங்கியது. வாய்க்கால் கரையில் மழைக்குப் பின் தானாக முளைக்கும் ஊசித்தகரை, வேலியோரத்து நாகமல்லி, சரக்கொன்றைக் கொழுந்து, பூவரசங்காயை ஒடித்தால் வடியும் மஞ்சள் பால் என ஒவ்வொன்றும் படைக்கென்று அறியப்பட்டவை. இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் பூசுவது பொதுவான முறை. வேப்பெண்ணெயும் புங்கெண்ணெயும் தனியாகவும், கந்தகம், கார்போகரிசி, கருஞ்சீரகம் ஆகியவற்றோடு காய்ச்சியும் பயன்பட்டன. கந்தகத்துக்குப் பூஞ்சையைக் கொல்லும் ஆற்றல் உண்டு. சுண்ணாம்போடு சேர்த்துக் கொதிக்கவைத்த கந்தகக் கரைசலைக் கால்நடை மருத்துவர்கள் உலகெங்கும் இன்றும் கையாள்கிறார்கள்.

இந்த வரிசையில் அதிகம் பேசப்பட வேண்டியது சீமை அகத்தி. மஞ்சள் மெழுகுவர்த்தி ஏற்றினாற்போல் நிமிர்ந்து பூக்கும் இந்தச் செடிக்கு வண்டுகொல்லி என்றும் பெயர் உண்டு. அகத்தியர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பொதிகை அடிவாரத்தில் அது இன்று உள்ளூர்ச் செடியாகவே நடமாடினாலும், அதன் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. கடல்வழி வணிகம் பெருகிய பின் ஆசியாவுக்கு வந்த இந்தச் செடியைச் சித்த மருத்துவம் தன் சரக்குகளில் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. சீமை அகத்திக் களிம்பு இன்றும் சித்த மருந்துப் பட்டியலில் இருக்கிறது. மரபு மருத்துவம் பழைய ஏடுகளோடு முடிந்துபோனது என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு செடி போதுமான மறுப்பு. இலையில் உள்ள ஆந்த்ராகுவினோன் சேர்மங்கள் பூஞ்சையைத் தடுக்கின்றன. அதே சேர்மங்கள் வயிற்றுக்குள் போனால் பேதியாகும். இலையின் இந்த இரண்டாவது குணம், தோலை நக்கும் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும்போது சிக்கலாகிறது.

உதிர்ந்த செதிலையும் முடியையும் ஒழித்தது வேறு தொழில். ஆற்றங்கரை ஊர்களில் சலவைத் தொழிலாளர்கள் துணியை உவர்மண் கரைசலில் முக்கி, வெள்ளாவிப் பானையின் மேல் அடுக்கி, இரவு முழுவதும் ஆவியில் அவித்தார்கள். காலையில் ஆற்றுக் கல்லில் அடித்துத் துவைத்து மணல் திட்டில் வெயிலில் விரித்தார்கள். திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே, ஆற்றை ஒட்டி, வண்ணார்பேட்டை என்றே ஒரு பகுதி உண்டு. படர்தாமரை வித்துகள் 60 டிகிரி வெப்பத்தில் நெடுநேரம் தாங்குவதில்லை என்பது இன்றைய ஆய்வகச் செய்தி. வெள்ளாவியின் சூடு அதைத் தாண்டியது. காரத்தன்மையுள்ள உவர்மண்ணும் வெயிலும் மிச்ச வேலையைச் செய்தன. பூப்பு, பேறு, சாவு நடந்த வீடுகளுக்கு மாற்றுத் துணி கொடுத்து, அழுக்குத் துணியை எடுத்துப்போவதும் அவர்கள் பொறுப்பு. ஊராரின் வியர்வையையும் நோயையும் கையால் தொட்டு அவித்துத் திருப்பிக் கொடுத்தவர்களை, தொட்ட அந்தக் காரணத்தைச் சொல்லியே ஊர் தள்ளிவைத்தது. சுகாதார வரலாற்றில் அவர்களுக்குரிய இடத்தை இதுவரை யாரும் ஒழுங்காக எழுதவில்லை.

சவரக் கத்தியின் கதை இதற்கு எதிர்த்திசை. ஒரே கத்தி, ஒரே படிகாரக் கட்டி, ஒரே துண்டு என்று திண்ணைக்குத் திண்ணை போன காலத்தில் தாடிப் படையும் தலைப் படையும் கத்தியோடு பயணம் செய்தன. அதே நாவிதர்கள் பல ஊர்களில் கட்டி கீறுவது, புண்ணுக்கு மருந்திடுவது ஆகியவற்றையும் செய்த வைத்தியர்கள். கத்தியை நெருப்பில் காட்டும் பழக்கம் இருந்த இடத்தில் ஆபத்து குறைந்தது. ஒருமுறை மட்டும் பயன்படும் பிளேடு சலூன்களில் பரவிய பிறகே இந்த வழி ஏறக்குறைய அடைபட்டது.

மேல்நாட்டு மருத்துவம் இந்தப் பக்கம் மிஷன்களோடு வந்தது. 1870இல் எஸ்.பி.ஜி. மிஷன் நாசரேத்தில் மருத்துவப் பணியைத் தொடங்கியது. அங்கே வளர்ந்ததுதான் செயின்ட் லூக் மருத்துவமனை. தோல்நோய்க்கு அக்கால மருந்துப்பெட்டியில் இருந்தவை அயோடின், கந்தகக் களிம்பு போன்றவை. ஊர் வைத்தியர் வைத்திருந்ததைவிட அவை பெரிதாக உயர்ந்தவை என்று சொல்லிவிட முடியாது. 1907இல் லண்டன் மருத்துவர் ஆர்தர் விட்ஃபீல்ட் எழுதிவைத்த கலவைதான் முதல் உருப்படியான முன்னேற்றம். பென்சோயிக் அமிலம் 6 பங்கு, சாலிசிலிக் அமிலம் 3 பங்கு. சாலிசிலிக் அமிலம் செத்த தோலை உரிக்கும், பென்சோயிக் அமிலம் பூஞ்சையைத் தடுக்கும். எரிச்சல் தரும், பிசுபிசுக்கும், ஆனால் மலிவு. அரசு மருத்துவமனைகளில் நோயாளி கொண்டுவந்த சிறு டப்பாவில் வழித்துக் கொடுத்த களிம்பு பல பத்தாண்டுகள் இதுதான். அதோடு ஊதா நிற ஜென்ஷன் வயலட். பூசிய இடம் ஊரறியத் தெரியும் என்பதால் பள்ளிப் பிள்ளைகள் அதை வெறுத்தார்கள்.

ஐரோப்பாவில் இதே காலத்தில் தலைப் படைக்குச் செய்த வைத்தியம் நோயைவிடக் கொடியது. முடியோடு பூஞ்சையையும் பிடுங்கிவிட வேண்டும் என்பது கணக்கு. தாலியம் அசிடேட் கொடுத்து முடி உதிரச் செய்தார்கள். அந்த நஞ்சில் குழந்தைகள் இறந்ததும் உண்டு. 1904இல் பாரிஸில் ரேமோன் சபூரோ எக்ஸ்ரே கதிரால் முடி உதிர்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளின் தலையில் அந்தக் கதிர் பாய்ந்தது. இஸ்ரேலில் அப்படிக் கதிர் வாங்கியவர்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது தலையிலும் கழுத்திலும் கட்டிகள் அதிகமாக வந்திருந்தன. ஊசித்தகரையும் எலுமிச்சையும் போதாத மருந்துதான். ஆனால் யாருக்கும் புற்றுநோயைத் தரவில்லை.

நிலைமையை மாற்றிய விலங்கு கினிப்பன்றி. ஆண்டீஸ் மலை மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக இறைச்சிக்கு வளர்த்த இந்தக் கொறிணி 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. 1554இல் கொன்ராட் கெஸ்னர் அதை விவரித்திருக்கிறார். பணக்கார வீடுகளில் செல்லப் பிராணியாக இருந்து, 19ஆம் நூற்றாண்டில் ஆய்வகத்துக்குள் போயிற்று. 1882இல் ராபர்ட் கோஹ் காசநோய்க் கிருமியை நிரூபித்தது கினிப்பன்றிகளைக் கொண்டுதான். இந்தியாவுக்கும் அது ஆய்வகங்களின் வழியாகவே பெருமளவில் வந்து பரவியது. 1899இல் தோன்றிய கிண்டி கிங் நிலையம் போன்ற இடங்களில் பரிசோதனைக்கென்றே அவை வளர்க்கப்பட்டன. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறைக்கு முன்வரை கினிப்பன்றி என்றால் நினைவுக்கு வந்தது கல்லூரி விலங்குக்கூடம்தான், வரவேற்பறை அல்ல.

படர்தாமரை பூஞ்சையால் வருகிறது என்பதை 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் டேவிட் குருபி நுண்ணோக்கியில் காட்டியிருந்தார். பாஸ்டரும் கோஹும் கிருமிக் கொள்கையை நிறுவுவதற்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே நடந்த காரியம் இது. அன்றைய மருத்துவ உலகம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1908இல் பாசெல் நகரில் புரூனோ பிளாக் கினிப்பன்றிகளின் தோலில் பூஞ்சையைத் தேய்த்துத் தொற்றவைத்தார். அவருடைய கண்டுபிடிப்பு நடைமுறைக்கு மிக முக்கியமானது. நலமான கினிப்பன்றியில் படை முற்றி, சில வாரங்களில் தானாக ஆறிவிடும். ஆறியபின் மறுபடி தேய்த்தால் எளிதில் தொற்றாது. எனவே ஒரு மாதம் எதைப் பூசினாலும் அது குணப்படுத்தியதுபோலத் தோன்றும். பூசாத விலங்கு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் எந்த மருந்தையும் நம்ப முடியாது. ஊர் வைத்தியம் ஆனாலும் சரி, கடைக் களிம்பு ஆனாலும் சரி, படைக்குக் கைகண்ட மருந்து என்று பெயர் எடுத்தவற்றில் எத்தனை இந்தத் தானாக ஆறும் குணத்தின் தயவில் பெயர் எடுத்தன என்ற சந்தேகம் நியாயமானது.

அந்தச் சந்தேகத்தைத் தாண்டிய முதல் மருந்து கிரிசியோஃபுல்வின். 1939இல் லண்டனில் ஆக்ஸ்ஃபோர்ட், ரெய்ஸ்ட்ரிக், சைமோனார் ஆகிய மூவர் ஒரு பென்சிலியம் பூஞ்சையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். பாக்டீரியாவை அது கொல்லாததால் அலமாரியில் கிடந்தது. மற்றப் பூஞ்சைகளின் இழைகளைச் சுருண்டு போகவைக்கிறது என்று 1946 வாக்கில் தெரிந்தபின் செடி நோய்களுக்கு முயன்று பார்த்தார்கள். 1958இல் கிளாஸ்கோவில் ஜே. சி. ஜென்டில்ஸ் படர்தாமரை தொற்றவைத்த கினிப்பன்றிகளுக்கு அதை வாய்வழியாகக் கொடுத்தார். படை ஆறியது. அதைவிட வியப்பானது மருந்து வேலை செய்த விதம். இரத்தத்தின் வழியே போய்ப் புதிதாக உருவாகும் கெரட்டினில் மருந்து படிந்தது. வேரிலிருந்து வளர்ந்த புது முடியில் பூஞ்சையால் ஏற முடியவில்லை. பழைய முடி, பூஞ்சையோடு, மேலே தள்ளப்பட்டு உதிர்ந்தது. அடுத்த சில மாதங்களில் லண்டன், வியன்னா, மயாமி மருத்துவர்கள் மனிதர்களுக்குக் கொடுத்து வெற்றி கண்டார்கள். எக்ஸ்ரே கதிரால் முடி உதிர்க்கும் பழக்கம் அதோடு முடிவுக்கு வந்தது. உள்ளுக்குச் சாப்பிட்டுத் தோல் பூஞ்சையை ஒழிக்கும் முதல் மருந்து, கினிப்பன்றியின் முதுகில் தேர்வு எழுதி வந்தது.

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964இல் தொடங்கியது. மறு ஆண்டே திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி வந்தது. சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு வெளிநோயாளர் பிரிவில் புங்கன் தைலமும் சீமை அகத்தியும், இன்னொன்றில் விட்ஃபீல்ட் களிம்பும் கிரிசியோஃபுல்வின் மாத்திரையும் கிடைத்தன. நோயாளிகள் இரண்டு இடத்துக்கும் மாறி மாறிப் போனார்கள். அதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை. 1970களில் குளோட்ரிமசோல், மைக்கோனசோல் களிம்புகளும், பின்னர் இட்ராகோனசோல், டெர்பினாஃபைன் மாத்திரைகளும் வந்தன. இனிப் படர்தாமரை பெரிய விஷயமில்லை என்ற எண்ணம் மருத்துவர்களுக்கே இருந்தது.

அந்த எண்ணம் 2010களில் உடைந்தது. இந்தியா முழுவதும் மருந்துக்கு அடங்காத, உடலெங்கும் பரவும், குடும்பத்தோடு பிடிக்கும் படர்தாமரை பெருகியது. மருந்துக்கடையில் சீட்டில்லாமல் கிடைத்த கலவைக் களிம்புகளுக்கு இதில் பெரும்பங்கு உண்டு. ஸ்டீராய்டு, பூஞ்சைக்கொல்லி, ஆன்டிபயாடிக் மூன்றையும் ஒரே குழாயில் அடைத்தவை அவை. ஸ்டீராய்டு அரிப்பை இரண்டு நாளில் நிறுத்தும், சிவப்பை மறைக்கும், தோலின் எதிர்ப்பையும் மட்டுப்படுத்தும். பூஞ்சை அமைதியாகப் பரவும். நிறுத்தினால் இரு மடங்காகத் திரும்பும். 2018இல் மத்திய அரசு 328 கலவை மருந்துகளுக்குத் தடை விதித்தபோது இத்தகைய களிம்புகள் சிலவும் அதில் இருந்தன. டெர்பினாஃபைனுக்கும் அடங்காத இந்தப் பூஞ்சைக்கு 2020இல் டிரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் பெயரிட்டார்கள். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் இது, கினிப்பன்றியிடம் காணப்படும் மென்டாகிரோஃபைட்டிஸ் கூட்டத்திலேயே கிளைத்த உறவு. வெள்ளாவி மறைந்து, குளிர்ந்த நீரில் சுற்றும் சலவை இயந்திரத்தில் குடும்பத்துத் துணியெல்லாம் ஒன்றாக ஊறும் காலமும் இதுவே. தோல் மருத்துவர்கள் சீட்டில் இப்போது மருந்தோடு சேர்த்து எழுதுகிறார்கள்: துணியைத் தனியாக வெந்நீரில் துவைக்கவும், வெயிலில் காயப்போடவும்.

கினிப்பன்றி செல்லப் பிராணியாகத் தென் மாவட்டங்களின் கடைகளுக்கு வந்தது அண்மைக் காலத்தில்தான். நாய்க்கும் மீனுக்கும் பறவைக்கும் இருந்த கடைகளில் முயலுக்குப் பக்கத்துக் கூண்டில் அது இடம்பிடித்தது. கூட்டமாக அடைத்துவைப்பது, அழுக்கும் ஈரமுமான மரத்தூள், நெடும்பயணக் களைப்பு, இளங்குட்டிகள் ஆகிய நான்கும் சேரும் இடத்தில் படர்தாமரை தொடங்கும். பார்வைக்கு நலமாக இருக்கும் கினிப்பன்றிகளின் முடியிலும் பூஞ்சை இருப்பதுண்டு. வீட்டுக்கு வந்த சில வாரங்களில் இடமாற்றத்தின் அழுத்தத்தில் அது வெளிப்படும், அல்லது விலங்கில் ஒன்றும் தெரியாமலே அதைக் கொஞ்சும் குழந்தையின் கன்னத்திலோ முன்கையிலோ வெளிப்படும். 2000க்குப் பின் ஜெர்மனியிலும் அண்டை நாடுகளிலும் டிரைக்கோஃபைட்டான் பென்ஹாமியே என்ற இனம் கடைக் கினிப்பன்றிகள் வழியாகக் குழந்தைகளிடம் பெருமளவு பரவியது. செல்லப் பிராணிக் கடைகளைப் பதிவு செய்யவும் நோயுற்றவற்றைத் தனியே வைக்கவும் 2018இல் இந்தியாவில் விதிகள் வந்தன.

கினிப்பன்றியில் நோய் வழக்கமாக முகத்தில் தொடங்கும். மூக்கு, கண்ணோரம், காது ஆகிய இடங்களில் முடி கொட்டி, செதில் படிந்த வட்டங்கள் தோன்றும். பிறகு முதுகுக்குப் போகும். ஆனால் முடி கொட்டுவதெல்லாம் படர்தாமரை அல்ல. தோலுக்குள் துளைக்கும் டிரைக்சாகேரஸ் என்னும் உண்ணி உண்டாக்கும் சொறி மிகக் கொடிய அரிப்பைத் தரும். விலங்கு வலிப்பு வந்ததுபோல் துடிக்கும். பெண் கினிப்பன்றிக்குச் சினைப்பைக் கட்டியால் இரு விலாவிலும் சமமாக முடி உதிரும். சேர்ந்து வாழும் இரண்டில் ஒன்று மற்றதன் முடியைக் கடித்துத் தின்பதும் உண்டு. கண்ணால் மட்டும் பார்த்து மருந்து தொடங்குவது அதனால் தவறாகப் போகிறது. 1925 முதல் முடிப் பூஞ்சையைக் கண்டறியப் பயன்படும் வுட் விளக்கு என்னும் புறஊதா விளக்கு பூனைப் படையைப் பச்சையாக ஒளிரவைக்கும். கினிப்பன்றியின் வழக்கமான பூஞ்சை அதில் ஒளிர்வதே இல்லை. படையின் விளிம்பிலிருந்து முடியையும் செதிலையும் எடுத்துப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பதும், சபூரோ பெயரால் வழங்கும் ஊட்டக்கூழில் வளர்த்துப் பார்ப்பதுமே நம்பகமான வழி. திருநெல்வேலியை அடுத்த ராமையன்பட்டியில் 2012இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிய பின், கால்நடைகளுக்கான ஆய்வக வசதி இந்த வட்டாரத்திலேயே ஏற்பட்டது.

மருத்துவத்தில் இன்று முன்னிற்பது இட்ராகோனசோல். கிலோ எடைக்கு 5 முதல் 10 மில்லிகிராம் என்று கால்நடை மருத்துவர் கணக்கிட்டு, சில வாரங்கள் வாய்வழியாகக் கொடுப்பது வழக்கம். டெர்பினாஃபைனும் பயன்படுகிறது. படை ஓரிரு இடத்தில் மட்டும் இருந்தால் சுற்றியுள்ள முடியைக் கத்தரித்து மைக்கோனசோல் அல்லது குளோட்ரிமசோல் பூசுவது போதுமானதாக இருக்கலாம். பரவியிருந்தால் சுண்ணாம்பு-கந்தகக் கரைசலில் நனைத்து, உடனே நன்றாகத் துவட்டி உலர்த்துவார்கள். கினிப்பன்றி வழியாக உலகுக்கு வந்த கிரிசியோஃபுல்வின் கினிப்பன்றிக்கு இப்போது அரிதாகவே தரப்படுகிறது. கருவைச் சிதைக்கும் மருந்து அது. கடையில் ஆணையும் பெண்ணையும் ஒன்றாக அடைத்திருப்பார்கள். ஐந்தாறு வாரத்திலேயே பருவம் எய்தும் விலங்கு, வாங்கும்போதே சினையாக இருக்கலாம்.

மனிதருக்குப் பழகிய மருந்துகளைக் கினிப்பன்றிக்கு மாற்றுவதில் பல கண்ணிகள் உண்டு. பூசிய எதையும் அது நக்கும். சீமை அகத்தி விழுது பேதியில் முடியும். விட்ஃபீல்ட் களிம்பின் சாலிசிலிக் அமிலம் நஞ்சாகலாம். வீட்டில் மீந்த ஸ்டீராய்டு கலவைக் களிம்பு மனிதத் தோலில் செய்த அதே கேட்டை இங்கும் செய்யும். புண்ணில் சீழ் கண்டதும் அமாக்சிசிலின் கொடுப்பது எல்லாவற்றிலும் ஆபத்தானது. அமாக்சிசிலின் சேர்ந்த பென்சிலின் இனம் கினிப்பன்றியின் குடல் கிருமிகளைக் குலைத்துவிடும். பென்சிலின் கினிப்பன்றியைக் கொல்லும் என்பது 1943இலேயே தெரிந்துவிட்டது. 1940 மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை ஆராய்ந்த ஃப்ளோரி தம் முதல் சோதனைக்கு எட்டு எலிகளை எடுக்காமல் கினிப்பன்றிகளை எடுத்திருந்தால் பென்சிலின் நஞ்சென்று ஒதுக்கப்பட்டிருக்கக்கூடும்.

உணவும் இந்த வைத்தியத்தின் பகுதி. மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் சியை உண்டாக்க முடியாது. 1907இல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் இருவரும் கினிப்பன்றியில் ஸ்கர்வி நோயை வரவழைத்துக் காட்டியதிலிருந்துதான் அந்த வைட்டமினைத் தேடும் வழி பிறந்தது. குறைபாடுள்ள விலங்கின் தோல் சொரசொரத்து, புண் ஆறாது, படை நீடிக்கும். பைத்தீனியும் உலர்ந்த தானியமும் மட்டும் போட்டு வளர்க்கும் வீடுகளில் இது அடிக்கடி நடக்கிறது. அறுகம்புல்லை வயிறாரக் கொடுத்து, கொத்தமல்லித் தழை, குடமிளகாய், சிறு துண்டு கொய்யா சேர்த்தால் குறை தீரும். இவை எதுவும் திருநெல்வேலிச் சந்தையில் அரிதல்ல.

மிச்சமிருப்பது கூண்டு. விலங்கு ஆறிக்கொண்டு வரும்போது மரத்தூளிலும் கம்பி இடுக்கிலும் துணிப் படுக்கையிலும் வித்துகள் காத்திருக்கும். மரப்பலகைக் கூண்டு, அட்டைப்பெட்டி, பிரம்புக் கூடை ஆகியவற்றை முழுமையாகச் சுத்தம் செய்வது ஏறக்குறைய இயலாத காரியம். அவற்றை எரித்துவிடுவது மேல். கம்பியும் பிளாஸ்டிக்கும் ஆனால் முதலில் சோப்பு நீரில் முடியும் அழுக்கும் போகத் தேய்க்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றும் பிளீச்சிங் கரைசல் வீண். தேய்த்துக் கழுவிய பின் நீர்த்த பிளீச்சிங் கரைசலைப் பத்து நிமிடம் நிற்கவைத்து, அலசி, வெயிலில் காயவைக்க வேண்டும். துணிப் படுக்கைக்குக் கொதிநீர். தொடுகிறவர் கையுறை அணிந்து, பின்பு கையைச் சோப்பால் கழுவ வேண்டும். சேர்ந்து வாழும் எல்லாக் கினிப்பன்றிகளுக்கும், படை தெரியாதவற்றுக்கும்கூட, ஒரே நேரத்தில் மருந்து கொடுக்க வேண்டும். புதிதாக வருவதை இரண்டு மூன்று வாரம் தனியே வைக்க வேண்டும். முடி முளைத்துவிட்டது என்று மருந்தை நிறுத்துவதே நோய் திரும்புவதற்கு வழக்கமான காரணம். முடியைச் சேகரித்து ஊட்டக்கூழில் இரண்டு முறை வளர்த்துப் பார்த்து, இரண்டிலும் பூஞ்சை முளைக்காத பிறகே சிகிச்சை முடிந்ததாகக் கால்நடை மருத்துவர்கள் கொள்கிறார்கள்.